கொலு பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கும்போது

1. ஈரத் துணியால் துடைக்காதீர்கள். மண் பொம்மையின் சாயம் துணியோடு வந்துவிடும். பழைய பெயின்ட் பிரஷ் போதும், காது மடிப்புத் தூசிகூட உதிர்ந்துவிடும்.

2. விரல் உடைந்திருந்தால் ஃபெவிகால் வைத்து ஒட்டி, ஒரு ராத்திரி அசைக்காமல் விடுங்கள். அவசரப்பட்டால் மறுபடி கழலும்.

3. மரப்பாச்சிக்கு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். பளபளக்கும்.

4. படியில் விரித்த வேட்டியின் ஓரங்களைப் பின் குத்துங்கள். குழந்தை ஒரு இழு இழுத்தால் தசாவதாரமும் தரைக்கு வந்துவிடும் (எங்கள் வீட்டில் வந்தது).

5. செட்டியார் பொம்மையின் கடையில் வைக்கும் பருப்பை வருஷா வருஷம் மாற்றுங்கள். பழையதில் வண்டு இருக்கும்.

6. திரும்பக் கட்டும்போது முதல் சுற்று பழைய காட்டன் புடவைத் துணி. நேரே செய்தித்தாளைச் சுற்றினால் அம்மன் முகத்தில் மை ஒட்டும். பெட்டிமேல் பெயர் எழுத மறக்காதீர்கள்.