ஓஎல்டி வைக்கும் முன் லாஸ் கணக்கு

கேபிள் டிவியிலிருந்து ஃபைபர் இன்டர்நெட்டுக்கு மாறும் ஆபரேட்டர் தன் கண்ட்ரோல் ரூமில் வைக்கும் முக்கியக் கருவி ஓஎல்டி. அதன் ஒரு பான் போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை, வழியில் ஸ்ப்ளிட்டர்களில் பிரிந்து பல வீடுகளில் உள்ள ஓஎன்யூ பெட்டிகளைச் சேர்கிறது. நடுவில் கரண்டில் ஓடும் கருவி எதுவும் கிடையாது. போர்ட்டில் புறப்படும் ஒளிதான் கடைசி வீடுவரை போதவேண்டும்.

அதனால் முதல் வேலை, வழியில் எவ்வளவு ஒளி குறையும் என்ற லாஸ் கணக்கைத் தாளில் போடுவது. ஜிபான் என்ற பான் வகையில், ஓஎல்டி போர்ட்டில் செருகும் பி பிளஸ் மாட்யூல் 1.5 முதல் 5 டிபிஎம் வரை ஒளி தரும். 4 என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டர் ஃபைபருக்கு, கிலோமீட்டருக்கு 0.35 டிபி வீதம் 1.75 போகும். எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் சுமார் 10.5, அடுத்து நான்காகப் பிரிப்பதில் சுமார் 7. கனெக்டர், ஜாயிண்டுகளுக்கு 2. மொத்தம் 21.25; வீட்டில் கிடைப்பது மைனஸ் 17.25 டிபிஎம். ஓஎன்யூ மைனஸ் 27 வரை தாங்கும். ஆனாலும் மைனஸ் 24-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். சாலை தோண்டும்போது கேபிள் அறுபடும், ஜாயிண்டுகள் கூடும். 24-க்கும் 27-க்கும் இடையிலுள்ள மிச்சம் அதற்குத்தான்.

அடுத்து, ஓஎல்டியைத் தூசியில்லாத ஏசி அறையில் ரேக்கில் ஏற்றி, எர்த் கொடுத்து, யூபிஎஸ்ஸில் இணையுங்கள். அப்லிங்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு ஜிபான் போர்ட்டே இறங்குதிசையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் தரும். எட்டு போர்ட் பெட்டிக்கு 1 ஜிபிபிஎஸ் அப்லிங்க் கொடுத்தால் மாலை நேரத்தில் எல்லா வீட்டிலும் வீடியோ சுற்றும்.

பேட்ச் கார்டைச் செருகும் முன் முனையைக் க்ளீனரால் துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பசையே ஒளியைக் குடித்துவிடும். பச்சை கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வாக இருக்கும், நீலத்துக்கு அந்தச் சாய்வு இல்லை. இரண்டையும் சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து லாஸ் எகிறும். முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு விலான் அமைத்து, ஓஎன்யூக்களைச் சீரியல் நம்பர்படி பதிவுசெய்து, கான்ஃபிகரேஷனை மறக்காமல் சேவ் செய்யுங்கள். சேவ் ஆகாத மாற்றங்கள் அடுத்த ரீபூட்டில் போய்விடும். ஒரு பிரதியைக் கணினியிலும் வையுங்கள்.

இணைப்பு கொடுக்கும் அன்றே ஒவ்வொரு வீட்டிலும் பவர் மீட்டர் ரீடிங்கை எழுதி வையுங்கள். பின்னாளில் புகார் வந்தால், கோளாறு லைனிலா ஓஎன்யூவிலா என்று அந்த எண்ணை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.