சிறைக்குள் சென்ற பாட்டு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

பாட்டு என்றவுடன் நம்மில் பலருக்குத் திரைப்படப் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். உழைத்த களைப்பு நீங்க ஒருவர் பாட, மற்றவர் கேட்பது என்பதே பாட்டைப் பற்றிய நமது பொதுவான எண்ணம். ஆனால் பலர் கூடி நின்று பாடுவதற்கென்றே பிறந்த பாட்டுகளும் உலகில் உண்டு. அவற்றைப் பாடியவர்களில் சிலர் வேலையை இழந்தார்கள். சிலர் கல்லூரிப் படிப்பை இழந்தார்கள். பலர் சிறை சென்றார்கள். அமெரிக்க நாட்டில் நிறவேற்றுமையை எதிர்த்தும், வியட்நாம் போரை எதிர்த்தும் எழுந்த அறப்போராட்டங்களில் இத்தகைய பாட்டுகள் ஆற்றிய பணியை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

"பாட்டுப் பாடினால் சிறைக் கதவு திறந்து விடுமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பாட்டு பிறந்த கதை

'வி ஷல் ஓவர்கம்' என்னும் பாட்டை அறியாதவர் குறைவு. 'நாம் வெல்வோம்' என்பது அதன் பொருள். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடப்பட்டு வந்த பழைய பாடலின் வழிவந்த பாட்டு அது. தேவாலயத்தில் அது 'நான்' என்று பாடப்பட்டது. 1945–46இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்லஸ்டன் நகரில் புகையிலைத் தொழிற்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் கறுப்பினப் பெண்கள் பலர். மறியலில் நின்றவர்களின் வாயில் 'நான்' என்பது 'நாம்' என்று மாறியது. ஒரு சொல்தான் மாறியது. ஆனால் தனிமனிதரின் வேண்டுதலாக இருந்தது ஒரு கூட்டத்தின் உறுதிமொழியாகி விட்டது.

டென்னசி மாநிலத்தில் 1932இல் தொடங்கப்பட்ட ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளி, தொழிலாளரும் உழவரும் கூடிக் கற்ற இடம். அங்கே இசை கற்பித்த சில்ஃபியா ஹார்ட்டன் இப்பாட்டைத் தொழிலாளரிடமிருந்து கற்றுப் பிறருக்குக் கற்பித்தார். அவரிடமிருந்து பீட் சீகர் கற்றார். 1960 ஏப்ரலில் ராலி நகரில் மாணவர் அறவழி ஒருங்கிணைப்புக் குழு தொடங்கப்பட்டபோது, கை கரவான் என்னும் பாடகர் அங்குக் கூடியிருந்த மாணவர்களுக்கு அதைப் பாடிக் காட்டினார். அன்று முதல் அது மாணவர்களின் பாட்டாயிற்று.

இவ்வகைப் பாட்டின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சிறு தொடர் மட்டுமே மாறும். மற்றவை அப்படியே திரும்ப வரும். ஆகவே எழுத்தறியாதவரும் இரண்டாம் கண்ணிக்குள் பாடக் கற்றுக்கொள்வார். துணிவுள்ளவர் அப்போதே புதிய கண்ணி ஒன்றைச் சேர்ப்பார். 1959 ஜூலையில் ஹைலாண்டர் பள்ளிக்குள் இரவில் காவல்துறையினர் புகுந்து சோதனையிட்டபோது, இருட்டில் அமர்ந்திருந்த இளைஞர்கள் இப்பாட்டைப் பாடினர். பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி, 'எங்களுக்கு அச்சமில்லை' என்னும் பொருள்படப் புதிய கண்ணியை அங்கேயே சேர்த்தாள். அது இன்றும் அப்பாட்டில் நிலைத்து நிற்கிறது.

நாகபுரியும் நாஷ்வில்லும்

இவ்வியக்கத்திற்கும் நம் நாட்டிற்கும் உள்ள தொடர்பை இங்குச் சுட்டாமல் இருக்க இயலாது. ஜேம்ஸ் லாசன் என்னும் இளைஞர், கொரியப் போர் நடந்த காலத்தில் கட்டாய இராணுவ சேவையை மறுத்துப் பதின்மூன்று மாதம் சிறையில் இருந்தவர். விடுதலையான பின் 1953இல் நாகபுரிக்கு வந்து ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றினார். காந்தியடிகளின் அறவழியைக் கற்றார். நாடு திரும்பிய பின் நாஷ்வில் நகர மாணவர்களுக்கு அதைப் பயிற்றுவித்தார். அடித்தால் திருப்பி அடிக்காமல் இருப்பது எப்படி, வசைமொழியைக் கேட்டும் இடத்தை விட்டு எழாமல் இருப்பது எப்படி என்றெல்லாம் ஒத்திகை நடந்தது. 1960இல் அம்மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக்கூடங்களில் அமர்ந்து மறியல் செய்து வெற்றியும் கண்டனர். அதன்பொருட்டு லாசன் தாம் படித்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். மார்ட்டின் லூதர் கிங்கும் 1959இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து, நம் கன்னியாகுமரிக் கடற்கரை வரை வந்து சென்றவர்.

முதற் பணி: அச்சம் நீக்குதல்

சிறை என்பது வெறும் சுவரன்று. ஒருவரைத் தனிமைப்படுத்தி, 'உன்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள்' என்று நம்பச் செய்வதே அதன் உண்மையான வலிமை. பாட்டு முதலில் உடைப்பது அந்தத் தனிமையையே.

நமது ஆய்வுக்கூடத்தில் சுரமானிப் பெட்டியின்மேல், அதிரும் இசைக்கவையை ஊன்றி வைக்கிறோம். கம்பியை யாரும் தொடுவதில்லை. அதிர்வெண் ஒத்துப்போனதும் கம்பி தானே அதிர்கிறது. அதன்மேல் மடித்து வைத்த காகிதத் துண்டு தூக்கியெறியப்படுகிறது. இதனை ஒத்ததிர்வு என்று படித்திருக்கிறோம். 1961ஆம் ஆண்டுக் கோடையில் மிசிசிப்பி மாநிலத்தின் பார்ச்மன் சிறையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே.

அவ்வாண்டு 'விடுதலைப் பயணிகள்' என்போர், கறுப்பரும் வெள்ளையருமாக ஒரே பேருந்தில் அமர்ந்து தென் மாநிலங்களுக்குச் சென்றனர். ஜாக்சன் நகரில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் பலர் பார்ச்மன் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஓர் அறையில் இருப்பவர் அடுத்த அறையில் இருப்பவரின் முகத்தைக் காண முடியாது, குரலைக் கேட்கலாம். ஆகவே பாடினார்கள். "பாட்டை நிறுத்தாவிட்டால் மெத்தையைப் பறிப்போம்" என்று அதிகாரிகள் மிரட்டினர். அவர்கள் நிறுத்தவில்லை, மெத்தைகள் பறிக்கப்பட்டன. இரும்புப் படுக்கையில் படுத்துக்கொண்டும் பாடினார்கள்.

அப்பயணிகள் பாட்டோடு நின்றுவிடவுமில்லை. உடனே ஜாமீனில் வெளிவர மறுத்துச் சிறையை நிரப்பினர். ஆனால் மேல்முறையீட்டு உரிமை 40 நாட்களுக்குள் காலாவதியாகும் என்பதால், 39ஆம் நாள் வரை உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வெளிவந்தவர் பலர். துணிவோடு சட்ட அறிவும் அவர்களுக்கு இருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து, மாநிலங்களுக்கிடையே செல்லும் பேருந்துகளிலும் நிலையங்களிலும் நிறவேற்றுமை கூடாது என்ற மத்திய ஆணை நடைமுறைக்கு வந்தது.

ஆல்பனி மாணவர்கள்

மாணவர்களாகிய நாம் குறிப்பாக நினைக்க வேண்டியது ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரம். 1961 டிசம்பரில் அங்கு நடந்த ஊர்வலங்களில் 700க்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஆல்பனி மாநிலக் கல்லூரி மாணவி பெர்னிஸ் ஜான்சன் அவர்களுள் ஒருவர். சிறையறையில் பாட்டெடுத்துக் கொடுத்தவர் அவர். போராட்டத்தில் கலந்துகொண்ட குற்றத்திற்காக அவரும் வேறு பல மாணவர்களும் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டனர்.

இந்தச் செய்தியைப் படித்தபோது என்னால் எளிதில் அடுத்த பக்கத்திற்குச் செல்ல இயலவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எங்களைப் போன்ற வீடுகளில் பட்டம் என்பது ஒருவருடைய சொத்தன்று. அப்பா, அம்மா, படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன அக்கா ஆகிய எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. அதைப் பணயம் வைக்க எனக்குத் துணிவு வருமா என்று கேட்டால், 'வரும்' என்று இங்கே எழுதிவிடுவது எளிது. ஆகவே அப்படி எழுதாமல் விடுகிறேன். அந்த மாணவர்கள் கொடுத்த விலை எவ்வளவு பெரிது என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆல்பனிப் போராட்டம் அப்போது வெற்றி பெறவுமில்லை. நகரக் காவல்துறைத் தலைவர் கூட்டத்தினரை அடிக்காமல், கைது செய்து பக்கத்து மாவட்டச் சிறைகளுக்குப் பிரித்து அனுப்பினார். 1962 ஆகஸ்டில் கிங் உடன்பாடு எதுவும் இன்றியே அந்நகரை விட்டுச் சென்றார். மிகச் சிறந்த பாட்டு ஒலித்த ஊரிலேயே கதவு திறக்கவில்லை. பாட்டின் எல்லையை நாம் அறிய வேண்டிய இடம் இது.

இரண்டாம் பணி: வெளியிலிருப்போரைத் திரட்டுதல்

எனினும் ஆல்பனியின் பாட்டு ஆல்பனியோடு நிற்கவில்லை. 1962இல் பெர்னிஸ் ஜான்சன் உள்ளிட்ட நால்வர் 'விடுதலைப் பாடகர்' குழுவாகப் புறப்பட்டு நாடெங்கும் காரிலேயே சுற்றினர். கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும் பாடினர். தென் மாநிலச் சிறைகளில் நடப்பதை எடுத்துரைத்தனர். சேர்ந்த பணத்தை மாணவர் குழுவுக்குக் கொடுத்தனர்.

1963 மே மாதம் பர்மிங்காம் நகரில் பள்ளிச் சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் சென்று பாடிக்கொண்டே சிறை புகுந்தனர். அவர்களை மீட்க ஜாமீன் தொகை வேண்டுமே! புகழ்பெற்ற பாடகர் ஹாரி பெலஃபான்டே அதற்காக ஓயாது நிதி திரட்டினார். தொழிற்சங்கங்கள் 1,60,000 டாலர் கொடுத்தன. மேடையில் பாடுவதோடு பாடகரின் கடமை முடிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று. அடுத்த ஆண்டு, 1964 ஜூலை 2இல், குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது.

பாடகரையே கூண்டில் நிறுத்தினால்?

பாட்டில் வலிமை இல்லையென்றால் அரசு அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பீட் சீகர் 1955 ஆகஸ்டில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்டார். எங்கே, யாருக்காகப் பாடினாய் என்று கேட்டனர். பாட்டைப் பற்றிப் பேசவும் பாடிக் காட்டவும் தயார். ஆனால் தம் கொள்கையையும் நண்பர்களையும் பற்றிய கேள்விகளுக்கு விடை கூற முடியாது என்று அவர் மறுத்தார். நாடாளுமன்ற அவமதிப்பு என்று வழக்குத் தொடரப்பட்டு 1961இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. ஆயினும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் அவரை நெடுங்காலம் அழைக்கவில்லை. அக்காலத்தில் அவர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சென்று பாடினார். பெரிய வாயிலை அடைத்ததால் சிறு வாயில்கள் நூறு திறந்தன எனலாம்.

போரை மறுத்தோர்

வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய இராணுவ சேவையை மறுத்துச் சிறை சென்ற இளைஞர்கள் 3,000க்கும் மேற்பட்டோர். பாடகி ஜோன் பயஸ் 1967இல் ஓக்லண்டு நகரின் இராணுவ ஆள்சேர்ப்பு நிலையத்தின் வாயிலில் மறியல் செய்து இருமுறை சிறை சென்றார். 1968 ஜனவரி 14இல் கிங் சாண்டா ரீட்டா சிறைக்குச் சென்று அவரைக் கண்டார். வெளியே கூடியிருந்தோரிடம், நீதிக்கான இயக்கத்தையும் அமைதிக்கான இயக்கத்தையும் பிரிக்க முடியாது என்னும் கருத்தை எடுத்துரைத்தார். போரைப் பற்றிப் பேசாதே என்று நண்பர்களே அவரைத் தடுத்துக் கொண்டிருந்த காலம் அது. மூன்று மாதத்திற்குள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜோன் பயஸின் கணவர் டேவிட் ஹாரிஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் தலைவராக இருந்தவர். அவரும் இராணுவ சேவையை மறுத்து 1969 ஜூலையில் சிறை புகுந்து இருபது மாதம் இருந்தார். அடுத்த மாதம் உட்ஸ்டாக் இசைவிழாவில், லட்சக்கணக்கானோர் முன்னிலையில், கருவுற்றிருந்த ஜோன் பயஸ் சிறையிலிருக்கும் கணவரைப் பற்றிக் கூறிவிட்டுப் பாடினார். 1915இல் யூட்டா மாநிலச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர் பாவலர் ஜோ ஹில்லைப் பற்றிய பாட்டும் அன்று அவர் பாடியவற்றுள் ஒன்று. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஒருவரின் பெயர் இவ்வாறு புதிய தலைமுறையின் காதில் விழுந்தது. மறக்கவிடாமல் காப்பதே பாட்டின் மூன்றாம் பணி.

முடிவுரை

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை கூறலாம். பாட்டு சிறைக் கதவைத் திறப்பதில்லை. வழக்கறிஞரும், ஜாமீன் தொகையும், நீதிமன்றமும், மாற்றப்பட்ட சட்டமும் திறக்கின்றன. ஆனால் அவை வந்து சேரும் வரை உள்ளே இருப்பவர் உடைந்து போகாமலும், வெளியே இருப்பவர் மறந்து போகாமலும் காத்தது பாட்டு. பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஜாமீனை மறந்தால் அது பொழுதுபோக்கு. ஜாமீனை மட்டும் நினைத்துப் பாட்டை மறந்தால் உள்ளிருப்பவர் தனியாள்.

கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பெர்னிஸ் ஜான்சன் படிப்பை விடவில்லை. 1975இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். தம் மக்களின் இசையையே ஆராய்ந்து 2024இல் மறைந்தார். லாசனை நீக்கிய பல்கலைக்கழகமே 2006இல் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 'நாம் வெல்வோம்' பாட்டின் மீதிருந்த பதிப்புரிமை 2018இல் விலகி, அது எல்லார்க்கும் பொதுவாயிற்று.

நம்மால் இயன்றதும் ஒன்று உண்டு. 1921இல் தொடங்கப்பட்ட போர் எதிர்ப்பாளர் அகில உலக அமைப்பு, போரை மறுத்துச் சிறையிலிருப்போரின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டு, டிசம்பர் முதல் நாளை அவர்களுக்கு வாழ்த்து எழுதும் நாளாகக் கொண்டுள்ளது. அதற்குக் குரல்வளம் வேண்டியதில்லை. ஓர் அஞ்சலட்டையும், 'உங்களை நினைக்கிறோம்' என்று எழுத ஒரு பேனாவும் போதும். நம் கல்லூரியில் ஆண்டுதோறும் டிசம்பர் முதல் நாளன்று, வகுப்புக்கு ஓர் அட்டையாவது எழுதும் வழக்கத்தை மாணவர் பேரவை தொடங்கலாம் என்பது என் பணிவான கருத்து. ஆசிரியப் பெருமக்களும் இதற்குத் துணை நிற்பார்கள் என்று நம்புகிறேன்.