காலைப் பார்த்துச் சொல்லுங்கள்

எங்கள் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் ஓர் ஆமை இறந்துபோனது. அதற்குக் காரணம் நான் நடத்திய பாடம்.

முள்காடும் மேய்ச்சல் தரையுமான ஊர் எங்களுடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் சட்டைக்குள் மறைத்து ஓர் ஆமையைக் கொண்டுவந்தான். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு அப்பத்தா திட்டும் சார். இங்கயே வச்சுக்கலாமா?" என்றான். நான் எமிஸ் பதிவில் இருந்தேன். நிமிராமலே, "தொட்டியில விடுடா. அது தண்ணியிலயும் இருக்கும், தரையிலயும் இருக்கும்" என்றேன்.

திங்கட்கிழமை காலை தொட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். "தண்ணியில இருக்கும்னு சொன்னீங்களே சார்" என்று அவன் கேட்டான். குற்றம் சாட்டும் குரல் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்.

அது நட்சத்திர ஆமை. வறண்ட புதர்க்காட்டில் புல்லும் இலையும் பழமும் தின்று வாழ்வது. அதற்கு நீந்தத் தெரியாது. ஆழமான தண்ணீரில் விட்டால் நுரையீரலில் நீர் புகுந்து இறந்துவிடும். 'ஆமை நீரிலும் நிலத்திலும் வாழும்' என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த வாக்கியம் எல்லா ஆமைகளுக்கும் பொருந்தாது என்பதை அன்றுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

அந்த வாக்கியம் இன்னொரு தவறுக்கும் வழிவிடுகிறது. ஆமையைத் தவளையோடு சேர்த்து இருவாழ்வி என்று எழுதும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. தவளை ஓடில்லாத முட்டையைத் தண்ணீரிலோ ஈரத்திலோ இடும். அதன் தோலும் ஈரமானது. ஆமையோ ஊர்வன இனம். நுரையீரலால் சுவாசிக்கும், ஓடுள்ள முட்டையைத் தரையில் இடும். வாழ்நாள் முழுவதும் கடலில் திரியும் பெண் ஆமைகூட முட்டையிட மணற்கரைக்கு ஏறித்தான் ஆகவேண்டும்.

இப்போது நான் ஆமைப் பாடத்தை ஓட்டில் தொடங்குவதில்லை, காலில் தொடங்குகிறேன். கரும்பலகையில் மூன்று கால்களை மட்டும் வரைவேன். உடல் வரைவதில்லை. யானைக்கால் போல் உருண்டு தடித்த கால் ஒன்று. விரல்களுக்கிடையே சவ்வு படர்ந்த கால் இன்னொன்று. படகுத் துடுப்பு போன்றது மூன்றாவது. "இந்தக் காலை வச்சுக்கிட்டு இது எங்க போகும்?" என்பதுதான் கேள்வி. முதலாவதைத் 'தரை' என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. சவ்வுக் காலைக் கண்மாயில் இறங்கும் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் பாலாமையை அவர்கள் வயலிலேயே பார்த்திருப்பார்கள். கோடையில் கண்மாய் வற்றினால் அது சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். துடுப்புக்கால் கடலுக்கு. தரையில் அதனால் நடக்க முடியாது. இழுத்து இழுத்து நகரும்.

ஓட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கார்ட்டூனில் ஆமை சட்டையைக் கழற்றுவதுபோல் ஓட்டைக் கழற்றிவிட்டு ஓடும். ஓடு வீடல்ல. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து இணைந்து உருவானதே மேல் ஓடு. அதில் நரம்பும் உண்டு. தட்டினால் ஆமைக்குத் தெரியும். கல்லால் தட்டிப் பார்க்கும் பழக்கம் எங்கள் ஊரில் இதைச் சொன்ன பிறகுதான் குறைந்தது.

ஒருமுறை அடக்கமுடைமையில் வரும் ஆமை உவமையைத் தமிழாசிரியர் நடத்திய மறுநாள் ஒரு மாணவி கேட்டாள், "கடல் ஆமையும் உள்ள இழுத்துக்குமா சார்?" இழுத்துக்கொள்ளாது. கடல் ஆமைகளால் தலையையோ துடுப்பையோ ஓட்டுக்குள் அடக்க முடியாது. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிடவும் வழியில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கிய செய்தியை அன்று வகுப்பில் பேசினோம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இதைப் பேசும்போது நிதானம் வேண்டும். வலையின் கடைசிப் பைக்கு முன்னால் ஆமை வெளியேற வழி வைக்கும் கருவி இருக்கிறது என்பதையும், அதனால் பிடிபட்ட மீனும் கொஞ்சம் போய்விடும் என்ற மீனவர் கவலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து வருகிறார்கள். ஒரு கூட்டில் நூறுக்கு மேல் முட்டை இருக்கும். பொரிய ஏழெட்டு வாரம் ஆகும். மணலின் வெப்பம் கூடினால் பெண், குறைந்தால் ஆண் என்று குஞ்சின் பால் முடிவாகிறது என்றதும் என் வகுப்பு ஐந்து நிமிடம் அடங்கவில்லை.

நட்சத்திர ஆமைக்கு வலை இல்லை, பை இருக்கிறது. அழகுக்காகவும் அதிர்ஷ்டத்துக்காகவும் கடத்தப்படும் உயிர் அது. 2019இல் உலக நாடுகள் அதன் வணிகத்துக்கு மிகக் கடுமையான தடையை விதித்தன. நம் நாட்டில் அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குள் விடாதே என்ற அப்பத்தாவின் பழமொழி சட்டத்தோடு ஒத்துப்போகிறது! கண்டால் கண்ட இடத்திலேயே விட வேண்டும். காயம்பட்டதையும் யாரேனும் பிடித்து வைத்திருப்பதையும் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

போன ஐப்பசி மழையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நனைந்தபடி தாமதமாக வந்தார்கள். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஓர் ஆமைக்காக மினி பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள்.

"தொட்டியில விடலாம்னு இவன் சொன்னான் சார். நான் காலப் பாத்தேன். விரலுக்கு நடுவுல தோல் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அது எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கமே தூக்கி விட்டுட்டோம். அங்கிட்டுதான் கண்மாய்."