பழைய ரீவி பெட்டி வானொலி வாங்கியாதல்

மின்காந்த அலைகளையும் கணினி வலையமைப்பையும் வெவ்வேறு பாடங்களில் கற்றிருப்பீர்கள். இரண்டையும் இணைத்து வினவினால் பலர் தடுமாறுவர்.

சாதாரண வானொலியில் மீடிறனைத் தெரிவதும் செய்தியைப் பிரித்தெடுப்பதும் இலத்திரனியற் சுற்றுகளின் வேலை. மென்பொருள் வானொலியிலோ சுற்றானது சமிக்ஞையை எண்களாக மாற்றிக் கொடுப்பதோடு சரி. மிகுதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். இலக்கமுறைத் தொலைக்காட்சிக்கென விற்கப்பட்ட மலிவான யூ.எஸ்.பி. வாங்கிகளில் உள்ள ரியல்ரெக் ஆர்.ரி.எல்.2832யு சில்லு இவ்வெண்களை அப்படியே வெளியிடும் என்பது 2012 இல் பரவலாகத் தெரியவந்தது.

பாவனையில் இல்லாத அன்ட்ரொயிட் ரீவி பெட்டியும் ஒரு சிறு கணினியே. முறைவழியாக்கி, நினைவகம், யூ.எஸ்.பி. வாயில், ஈதர்நெற் வாயில் யாவும் அதில் உண்டு. பலவற்றில் லினக்ஸ் நிறுவலாம். (டிஷ் அன்ரெனாவுக்குரிய செய்மதிப் பெட்டி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

வல்வெட்டித்துறைக் கரையில் இதனால் என்ன பயன்? 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம் – காங்கேசன்துறைச் சேவையில் ஈடுபடுவது போன்ற பயணிகள் கப்பல்கள் தமது பெயர், இடம், வேகம் என்பவற்றை 161.975, 162.025 மெகாஹேட்ஸ் மீடிறன்களில் தாமாகவே அறிவிக்கும். 162 மெகாஹேட்ஸ் எனக் கொண்டால்,

அலைநீளம் = (3 × 10⁸) ÷ (162 × 10⁶) = 1.85 மீற்றர்

கால் அலைநீள அன்ரெனாவுக்கு ஏறத்தாழ 46 சென்ரிமீற்றர் கம்பி போதும். ஆனால் சிறு மீன்பிடிப் படகுகளிற் பெரும்பாலானவற்றில் இவ்வறிவிப்புக் கருவி இல்லை. திரை வெறுமையாக இருப்பதைக் கொண்டு கடலில் எவரும் இல்லை என முடிவுசெய்வது ஆபத்தானது.

இலங்கையில் வானொலிச் சாதனங்கள் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. எனவே பொருத்துமுன் அனுமதி பற்றி விசாரிக்க வேண்டும்.

வினா: அன்ரெனா கூரையில் உள்ளது, கணினி கீழ் அறையில் உள்ளது. ரீவி பெட்டியைக் கூரையருகே வைப்பது ஏன்? வலையமைப்பால் செல்லும் தரவு எவ்வளவு?

விடை: நீண்ட ஓரச்சு வடத்தில் வானொலிச் சமிக்ஞை நலிவடையும். எண்களாக மாறிய பின்னர் ஈதர்நெற் வடத்தில் 100 மீற்றர் வரை பிழையின்றி அனுப்பலாம். செக்கனுக்கு 24 இலட்சம் மாதிரிகள், மாதிரிக்கு 2 பைற்று எனின்,

24,00,000 × 2 × 8 = 3,84,00,000 பிற்று = 38.4 மெகாபிற்று

100 மெகாபிற்று வலையமைப்பு இதைத் தாங்கும். வலுக்குன்றிய வைஃபை திணறும். அப்படியானால் பெட்டியிலேயே செய்தியைப் பிரித்தெடுத்து அனுப்பலாம். கப்பல் அறிவிப்பு மீடிறன் ஒன்றுக்குச் செக்கனுக்கு 9,600 பிற்று. இரண்டுக்கும் கூடியது 19,200 பிற்று. அதாவது முன்னையதின் 2,000 இல் ஒரு பங்கு.