எந்த டோடோலை வாங்குவது?

அன்புள்ள வாசக நண்பருக்கு,

நோன்புப் பெருநாளை ஒட்டி ஜகார்த்தா போவதாகவும், எந்த டோடோல் இனிப்பை வாங்கி வரலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கடையில் பச்சை, சிவப்பு என்று விதவிதமாக அடுக்கியிருப்பார்கள். நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒட்டரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லம், இந்த மூன்றும்தான் டோடோல். அந்த வெல்லம் அரென் என்னும் பனை இன மரத்தின் பாளையைச் சீவி எடுக்கும் பதநீரைக் காய்ச்சியதாக இருந்தால் உத்தமம். தென்னை வெல்லத்திலும் செய்வார்கள், பழுதில்லை. வெள்ளைச் சர்க்கரையும் சாயமும் போட்டது வெறும் மிட்டாய்.

என் ஓட்டு, ஜகார்த்தாவின் பெத்தாவி மக்கள் கிண்டும் டோடோலுக்கு. பெருநாள் நெருங்கும்போது பெரிய கொப்பரையை விறகடுப்பில் ஏற்றி, ஆள் மாற்றி ஆள் ஏழெட்டு மணி நேரம் துடுப்புப் போடுவார்கள். கை ஓய்ந்தால் அடிபிடித்துவிடும். முதலில் கஞ்சி மாதிரி கொதிப்பது, நேரம் ஆக ஆகக் கறுத்து இறுகி, துடுப்போடு சேர்ந்து எழும்பும். ஓரமெல்லாம் தேங்காய் எண்ணெய் கக்கும். தொட்டால் விரலில் ஒட்டாது. அதுதான் பதம். ஈரம் சுண்டிப்போவதால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே பல நாள் தாங்கும்.

மேற்கு ஜாவாவின் காருட் ஊர் டோடோல் சின்னச் சின்னத் துண்டாகக் காகிதம் சுற்றி வரும். அலுவலகத்தில் பங்கு வைக்கத் தோது. மத்திய ஜாவாவின் கூடுஸில் இதையே ஜெனாங் என்பார்கள். பாலியின் பூலேலெங் வட்டாரத்தில் சோளத் தோலில் சுற்றுவார்கள், பார்க்கவே அழகு. ‘டோடோல் சீனா’ என்று கேட்டால் சீனப் புத்தாண்டுப் பண்டம் கிடைக்கும். அது ஆவியில் வேகவைப்பது, கிண்டுவதே இல்லை. சுமத்ரா பக்கத்து லெம்போக், டுரியான் சுளையையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சியது, மாவு கிடையாது. டுரியான் வாடை பிடிக்காதவர் பக்கத்திலேயே போக வேண்டாம்.

நம் கீழக்கரைத் தொதலும், மலாய் மக்கள் வாழும் இலங்கை அம்பாந்தோட்டையின் களு தொதலும் இதே குடும்பம்தான். ஆகவே ருசி உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வாங்குமுன் ஒரு துண்டை முகர்ந்து பாருங்கள். தேங்காய் எண்ணெய் காறிய வாடை லேசாக அடித்தாலும், எந்த ஊர்ப் பெயர் போட்டிருந்தாலும் சரி, அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்