குகையும் ஊரும்

மலையும் ஆறும் இயற்கை நமக்கு அளித்த செல்வங்கள்; சிற்பமும் ஓவியமும் முன்னோர் தம் உழைப்பால் ஆக்கி வைத்த செல்வங்கள். இவ்விரு வகைச் செல்வங்களும் ஒருங்கே அமைந்த இடங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று ஆர்மாமலைக் குகை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கின்றது. அதற்கு வடக்கே பாலாறு செல்கின்றது. அவ்வாற்றங்கரை ஊராகிய ஆம்பூரைச் சார்ந்த பகுதியில் மலையம்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரை அடுத்த மலையிலேயே இக்குகை அமைந்துள்ளது.

இயற்கையாக அமைந்த இக்குகையைக் கி. பி. எட்டாம் நூற்றாண்டில் சமணர் தம் கோயிலாக ஆக்கிக்கொண்டனர். குகையினுள்ளே சுடாத மண் கற்களால் சுவர் எழுப்பினர். விதானத்திலும் சுவரிலும் எண்டிசைக் காவலர் முதலியோரின் உருவங்களை வண்ணம்பெறத் தீட்டினர். 1882-ஆம் ஆண்டில் இராபர்ட் சூவெல் என்னும் ஆங்கில அறிஞர் இக்குகையைப் பற்றி உலகிற்கு அறிவித்தார். ஆயினும், இங்குள்ள ஓவியங்களின் அருமையை ஆராய்ச்சியாளர் கண்டுணர்ந்தது 1960-களின் இறுதியிலேதான். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைக் கடந்த அவ்வோவியங்களில் இன்று நாம் காண்பன எஞ்சிய பகுதிகளே.

குகை ஓவியம் எத்துணை நொய்மையானது என்பதை அறிந்தாலன்றி அதனைக் காக்கும் வழி புலப்படாது. பாறையின்மேல் சுண்ணச் சாந்தை மெல்லிதாகப் பூசி, காவிக்கல், சுண்ணாம்பு, கரி முதலியவற்றால் செய்த வண்ணங்களை அதன்மேல் ஏற்றுவது பண்டை ஓவியரின் முறை. பாறை நிலைத்து நிற்கும். சாந்தோ எளிதில் உதிரும். மழைநீர் கசிந்தால் அது பாறையை விட்டுப் பெயரும். குகையினுள் மூட்டும் நெருப்பின் புகை வண்ணத்தின்மேல் கருந்திரையாகப் படியும். தொடுகின்ற கையிலுள்ள எண்ணெய்ப் பசையும் வியர்வையின் உப்பும் வண்ணத்தைக் கெடுக்கும். ஓவியம் தெளிவாகத் தோன்றும் என்று எண்ணி அதன்மேல் தண்ணீர் தெளிப்பாரும் உளர்; அதனால் ஒரு நொடி அழகும் நெடுநாள் அழிவும் விளையும். இவை யாவற்றினும் கொடியது, கரியாலும் ஆணியாலும் தம் பெயரைச் சுவரில் பொறித்துச் செல்லும் வழக்கம். முன்னோர் பல நாள் முயன்று தீட்டியதை ஒருவர் இமைப்பொழுதில் அழித்துவிடலாம். அழிந்ததை மீண்டும் ஆக்குதல் எவராலும் ஆகாது.

அங்ஙனமாயின், குகையை அடைத்துப் பூட்டிவிடுதல் நலமன்றோ எனச் சிலர் வினவலாம். அயல்நாட்டில் அவ்வாறு செய்ய நேர்ந்ததும் உண்டு. பிரான்சு நாட்டிலுள்ள இலாசுகோ என்னும் குகை 1940-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பெற்றது. பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட விலங்கோவியங்கள் அதனுள் உள்ளன. 1948-இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் சென்று கண்டனர். அவர்கள் விட்ட மூச்சுக் காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் குகையின் தன்மையை மாற்றின; சுவரில் பாசி படர்ந்தது. 1963-ஆம் ஆண்டில் அரசினர் குகையை மூடினர். பின்னர், 1983-இல் அதனருகே அக்குகையைப் போன்றதொரு படியை அமைத்து, மக்கள் அதனைக் கண்டு மகிழச் செய்தனர்.

பெரும்பொருள் செலவிட்டுப் படி ஒன்றை அமைத்தல் எல்லாக் குகைகளுக்கும் இயலுவதன்று. மேலும், ஊரை ஒட்டிய குகையைப் பூட்டுதலால் மட்டும் காவல் அமைந்துவிடாது. காண்பார் இல்லாத குகையின் பூட்டு உடைந்தாலும் கேட்பார் இரார். தம் ஊர்ச் செல்வத்தைத் தாமே காண இயலாத மக்கள், நாளடைவில் அதனைப் பிறர் பொருளாகவே கருதுவர். ஆதலின், முற்றத் திறந்துவிடுதலும் முற்ற அடைத்துவிடுதலும் ஆகிய இரண்டிற்கும் இடைப்பட்டதொரு முறை வேண்டும்.

அம்முறை யாது? குகை வாயிலில் கம்பிக் கதவு அமைத்தல் வேண்டும்; அதன் வழியே காற்று உலவும்; உள்ளே வாழும் வௌவால்களும் சென்று வரும். குறித்த வேளையில், சிலர் சிலராக, வழிகாட்டி ஒருவருடன் உள்ளே செல்லுதல் வேண்டும். சுவருக்கும் காண்போருக்கும் இடையே தடுப்பு வேண்டும். தீயும் உணவும் உள்ளே கூடா. மழைநீரை விலக்குதற்கு நம் முன்னோரே வழி காட்டியுள்ளனர். தமிழ்நாட்டிலுள்ள சமணக் குகைகள் பலவற்றின் நெற்றியில் நீண்ட காடி ஒன்றை அவர்கள் வெட்டி வைத்தனர். பாறைமேல் வழியும் நீர் உள்ளே புகாமல் அக்காடியிலிருந்து வெளியே சொட்டும். காப்பு முறை நமக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே சான்று.

இனி, குகையின் அருகே வாழ்வோரின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம், 2010-இல் திருத்தப்பெற்றது. மத்திய அரசின் காப்பிலுள்ள நினைவுச்சின்னத்தைச் சூழ 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்புதலை அது தடை செய்கின்றது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டலாம். சின்னத்தைச் சிதைப்போர்க்கு இரண்டாண்டுவரை சிறையும் ஓரிலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கலாம். சட்டம் நன்று. ஆயினும், தம் வீட்டோடு ஓர் அறையைச் சேர்க்க விரும்பும் ஏழை உழவனுக்கு அது சுமையாகத் தோன்றுதலும் இயல்பே. வெளியூரார் வந்து இரைச்சலும் குப்பையும் விட்டுச் செல்வராயின், அச்சுமை இன்னும் மிகும். ஆகவே, வழிகாட்டியாகவும் காவலராகவும் அவ்வூராரையே அமர்த்துதலும், ஆடுமாடு செல்லும் வழியை மறிக்காது வேலியிடுதலும், வருவோரால் கிடைக்கும் பொருளில் ஊர் நலத்திற்கு ஒரு பங்கு ஒதுக்குதலும் நீதியாகும். குகையால் தமக்கு நன்மை உண்டு என்று கண்ட ஊர், இரவும் பகலும் அதனைக் காக்கும்.

ஜவ்வாது மலைக்குக் கிழக்கே, போளூரைச் சார்ந்த திருமலையில் இதனைக் காணலாம். அங்கே குகையும், சோழர்குல மங்கை குந்தவையின் பெயர் தாங்கிய சமணக் கோயிலும், மக்கள் வாழும் ஊரும் அருகருகே உள்ளன. தொல்லியல் துறையின் காப்பும் மக்களின் வழிபாடும் அங்கே ஒருங்கே நிகழ்கின்றன.

மாணவர்களே! நம் பண்பாட்டுச் செல்வங்களைப் போற்றிக் காத்தல், 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. குகை ஒன்றைக் காணச் செல்லும்போது, கண்ணால் காணுங்கள், கையால் தொடாதீர்கள். உடன் வருவோர் சுவரில் பெயர் எழுத முற்பட்டால், அன்புடன் தடுத்துக் கூறுங்கள். அவ்வோவியங்களைத் தீட்டியவர் தம் பெயரை நாம் அறியோம். அவர்தம் ஓவியத்தின்மேல் நம் பெயரைப் பொறித்தல் தகுமோ?