மெய் கண்ட செய்தியாளர்

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1932-ஆம் ஆண்டு காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்குற்றத்திற்காக ஜோசப் மாய்செக் என்னும் இளைஞருக்கு 99 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தாம் குற்றமற்றவர் என அவர் கூறியும், ஏழை சொல் அம்பலம் ஏறவில்லை. அவருடைய அன்னையார் மனந்தளர்ந்திலர். தரை கழுவும் பணி செய்து, 11 ஆண்டுகளில் 5,000 டாலர் சேர்த்தார். உண்மைக் கொலைஞரைக் காட்டுவார்க்கு அப்பொருள் உரியது என 1944-இல் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார்.

அதனைக் கண்ட ‘சிகாகோ டைம்ஸ்’ இதழினர், ஜேம்ஸ் மெக்வயர் என்னும் செய்தியாளரை அனுப்பினர். அவர் அன்னையின் கண்ணீரை மட்டும் நம்பாது, வழக்கின் பழைய ஏடுகளையும் துருவி ஆராய்ந்தார். முதலில் அடையாளம் காட்டாத சாட்சியே பின்னர் மாய்செக்கைக் குற்றவாளியெனச் சுட்டியமை வெளிப்பட்டது. 1945-இல் ஆளுநர் முழு மன்னிப்பு வழங்க, அவர் விடுதலை பெற்றார். தீர விசாரிப்பதே மெய் என்னும் முதுமொழியின் பொருள் இதனால் இனிது விளங்கும்.